பச்சை விளக்கை நம்பலாமா? லெவல் கிராசிங் கன்ட்ரோலரை மாடல் செக்கரால் சரிபார்க்கும் முறை

டெஸ்டிங்கில் சிக்காமல் தப்பும் பிழைகளில் பெரும்பாலானவை நேரத்தையும் வரிசையையும் சார்ந்தவை. இரண்டு நிகழ்வுகள் அரை விநாடி முன்பின்னாக நடந்தால் மட்டும் தலைகாட்டும், மறுபடி ஓட்டிப் பார்த்தால் காணாமல் போய்விடும். இப்படிப்பட்ட பிழைகளுக்கான கருவிதான் மாடல் செக்கர். சிஸ்டம் போய்ச் சேரக்கூடிய எல்லா நிலைகளையும் அது அலசும். விதி மீறப்படும் நிலை ஒன்று இருந்தால், அங்கே போகும் வழியை ஒவ்வொரு படியாக எழுதிக் கொடுத்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரு ரயில்வே லெவல் கிராசிங்: இரண்டு பாதைகள், ஒரு கேட், ஆள் இல்லாத தானியங்கிக் கன்ட்ரோலர். கருவி, உப்பால். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகமும் டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய இது 1995-இல் வெளிவந்தது. கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். வெறும் செய்திப் பரிமாற்றம் மட்டும் உள்ள புரோட்டோகாலைச் சரிபார்ப்பதென்றால் ஸ்பின் என்ற இன்னொரு மாடல் செக்கர் போதும். கேட் விஷயத்தில் எல்லாமே விநாடிக் கணக்கு என்பதால், கடிகாரங்களை நேரடியாக மாடலில் வைக்கத் தெரிந்த உப்பால் வேண்டும்.

விதி நிறைவேறினால் உப்பால் அதன் பக்கத்தில் பச்சை விளக்கைக் காட்டும். அதை வரவழைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. தப்பான மாடல் இன்னும் சீக்கிரமாகவே பச்சை காட்டும். கீழே உள்ள வேலையில் முக்கால்வாசி, அந்தப் பச்சை உண்மையா என்று பார்ப்பதற்கானது.

முதலில் ஆபத்துப் பட்டியல்

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாள் எடுங்கள். எம்.ஐ.டி.யில் நான்சி லெவசன் உருவாக்கிய எஸ்.டி.பி.ஏ. என்ற ஆபத்துப் பகுப்பாய்வு முறை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். கன்ட்ரோலர் கொடுக்கும் கட்டளைகளை எழுதி, ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்வி கேட்க வேண்டும். கட்டளை வராமல் போனால் ஆபத்தா? வரக்கூடாத நேரத்தில் வந்தால்? சீக்கிரமோ தாமதமோ வரிசை மாறியோ வந்தால்? பாதியில் நின்றாலோ தேவைக்கு மேல் நீடித்தாலோ?

நம் கேட்டுக்கு இரண்டே கட்டளை: இறக்கு, ஏற்று. ‘இறக்கு’ வராவிட்டால் ஆபத்து என்பது எல்லோருக்கும் உடனே தெரியும். தாளில் எழுதினால்தான் தெரிபவை வேறு. முதல் ரயில் போனதும் ‘ஏற்று’ வருகிறது, அதே நேரம் இரண்டாவது பாதையில் இன்னொரு ரயில் நுழைகிறது. எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியதுமே ‘இறக்கு’ வந்தால் வண்டி ஒன்று கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். கேட் மணிக்கணக்கில் கீழேயே கிடந்தால் ஜனங்கள் பொறுமை இழந்து சுற்றிக்கொண்டு போவார்கள். எப்போதும் மூடியே இருக்கும் கேட்டும் ஆபத்துதான்.

இதிலிருந்து மூன்று விதிகள் வருகின்றன. ஒன்று, ரயிலின் எந்தப் பகுதி கிராசிங் மேல் இருந்தாலும் கேட் முழுதாகக் கீழே இருக்க வேண்டும். இரண்டு, கேட் இறங்கத் தொடங்கும் முன் எச்சரிக்கை விளக்கு குறைந்தது 8 விநாடி எரிந்திருக்க வேண்டும். மூன்று, ரயில் எதுவும் இல்லை, கோளாறும் இல்லை என்றால் 15 விநாடிக்குள் கேட் மேலே போயிருக்க வேண்டும், இடையில் புது ரயில் வந்தால் தவிர. ‘கேட் பாதுகாப்பாக இயங்க வேண்டும்’ என்பது போன்ற வாக்கியத்தை மாடலுக்குள் கொண்டுபோக முடியாது. அளக்க முடியாத சொல் விதியில் இருந்தால், அதை எழுதியவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

எண்களை எடுத்துவைத்தல்

உப்பாலில் கடிகாரங்களை முழு எண்களோடுதான் ஒப்பிட முடியும். எனவே ஒரு அலகு 0.1 விநாடி என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கான அளவுகள் இவை:

- நுழைவு சென்சார் கிராசிங்குக்கு 1,200 மீட்டர் முன்னால் இருக்கிறது. அதிவேக ரயில் விநாடிக்கு 40 மீட்டர். கிராசிங்கை அடைய 30 விநாடி, அதாவது 300 அலகு. மெதுவான ரயில் விநாடிக்கு 10 மீட்டர், 1,200 அலகு.
- ரயிலின் நீளம் 400 மீட்டர். கிராசிங்கைக் கடக்க 100 முதல் 400 அலகு. (கிராசிங்கின் அகலத்தை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம்.)
- சென்சார் சிக்னலை உறுதிசெய்ய 5 அலகு, கன்ட்ரோலர் ஒரு சுற்று ஓட அதிகபட்சம் 1 அலகு.
- எச்சரிக்கை 80 அலகு. கேட் இறங்க 70 முதல் 100, ஏற 60 முதல் 100. மோட்டார் திசை மாற 20 அலகு நிற்க வேண்டும்.

ஒரு எல்லையும் சராசரி கிடையாது என்பதைக் கவனியுங்கள். சராசரி வேகத்தை வைத்துச் சரிபார்த்த கேட், சராசரி ரயிலுக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

நான்கு ஆட்டோமேட்டான்கள்

ரயில், சென்சார், கன்ட்ரோலர், கேட் என்று நான்கு வார்ப்புருக்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆட்டோமேட்டான்: நிலைகளும், அவற்றுக்கு இடையே போகும் அம்புகளும் கொண்ட வரைபடம். ரயிலையும் சென்சாரையும் பாதை எண்ணை அளவுருவாக வைத்து இரண்டிரண்டு நகல் எடுக்க வேண்டும். ஒரு பாதையில் சென்சார் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். இது ஒரு அனுமானம், சிக்னல் அமைப்பு தரும் உறுதி. தாளில் ‘அனுமானங்கள்’ என்று தனித் தலைப்புப் போட்டு இதை முதல் வரியாக எழுதுங்கள்.

கேட் ‘இறங்குகிறது’ என்ற நிலைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் தேவை. நிலையின் இன்வேரியன்ட் (அந்த நிலையில் இருக்கும்வரை உண்மையாக இருக்க வேண்டியது): கடிகாரம் 100-ஐத் தாண்டக்கூடாது. வெளியேறும் அம்பின் கார்டு (அம்பு வழியே போக நிறைவேற வேண்டியது): கடிகாரம் 70-ஐத் தொட்டிருக்க வேண்டும். இன்வேரியன்ட் விட்டுப்போனால் கேட் என்றென்றைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கலாம். அப்போது விதி ஒன்று சிவப்பாகும், நீங்களும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆபத்தானது இதற்கு நேர் எதிரான தப்பு. இன்வேரியன்ட் 100, கார்டு 110 என்று எழுதிவிட்டால், 100 ஆனதும் அந்த நிலையில் இருக்கவும் முடியாது, வெளியேறவும் முடியாது. மாடலுக்குள் நேரமே நின்றுவிடும். நேரம் நின்றால் ரயில் கிராசிங்குக்கு வந்து சேராது, மோதலும் நடக்காது, பாதுகாப்பு விதி பச்சை காட்டும். டெட்லாக் (எந்த அம்பிலும் மேலே நகர முடியாத முட்டுக்கட்டை) இல்லை என்ற கேள்வியை எப்போதும் சேர்த்து ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் நேரம் நகராமலே முடிவில்லாமல் அம்புகள் சுற்றும் ஓட்டத்தை டெட்லாக் கேள்வி பிடிக்காது. சுழலும் பாதை ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம் பூஜ்யமாவதும், அது குறைந்தது ஒரு அலகாவது வளர்ந்தபின்தான் சுற்று முடிவதும் உறுதியா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பொறி சேனல்களில் இருக்கிறது. உப்பாலில் சாதாரண சேனல் என்பது கைகுலுக்கல்: பெறுபவர் தயாராக இல்லையென்றால் அனுப்புபவர் காத்திருப்பார். ரயில் ‘வந்துவிட்டேன்’ என்பதை இப்படிப்பட்ட சேனலில் அனுப்பி, கன்ட்ரோலர் அப்போது கேட்டை ஏற்றும் வேலையில் இருந்தால், கன்ட்ரோலர் கவனிக்கும்வரை ரயில் சென்சாருக்கு வெளியே மரியாதையாகக் காத்திருக்கும்! நிஜ ரயில் அப்படி நிற்காது. ரயிலிலிருந்து வரும் சிக்னலை பிராட்காஸ்ட் சேனலாக மாற்றுங்கள். அனுப்புபவர் காத்திருக்க மாட்டார். கேட்க ஆள் இல்லையென்றால் செய்தி தொலையும். தொலைவதும் நிஜத்தில் நடக்கக்கூடியதுதான், அது மாடலில் தெரியட்டும். பொது விதி இது: சூழல் கன்ட்ரோலருக்காக எதையும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

கமிட்டட் நிலைகளையும் (நேரம் நகராமல், மற்ற எதற்கும் முன் உடனே வெளியேற வேண்டிய நிலைகள்) அளவோடு பயன்படுத்துங்கள். தேடல் வேகமாகும் என்று கண்ட இடத்தில் எல்லாம் போட்டால், நிஜத்தில் இடையில் புகுந்து நடக்கக்கூடிய நிகழ்வுகளை மாடல் தடுத்துவிடும். தேடி வந்த பிழையைக் கையாலேயே மூடியதாகிவிடும்.

கேள்விகளின் வரிசை

பாதுகாப்பு விதியை முதலில் ஓட்டாதீர்கள். முதலில் ‘அடைய முடியுமா’ வகைக் கேள்விகள். ரயில் 1 கிராசிங் மேல் வர முடியுமா? இரண்டு ரயிலும் ஒரே நேரத்தில் கிராசிங் மேல் இருக்க முடியுமா? கேட் ஏறிக்கொண்டிருக்கும்போது சென்சார் பகுதிக்குள் ரயில் இருக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் ‘முடியும்’ என்று வர வேண்டும். ஒன்று ‘முடியாது’ என்றாலும், பாதுகாப்பு விதியின் பச்சைக்கு அர்த்தமில்லை. ரயிலே வராத கிராசிங்கில் கேட் எப்போதும் பாதுகாப்பானது.

அடுத்து டெட்லாக். அதன்பின் விதி ஒன்றும் இரண்டும். கடைசியாக விதி மூன்று. இதை ‘ரயில் இல்லை என்றால் எப்போதாவது கேட் மேலே போகும்’ என்று எழுதினால் சிவப்பு வரும், அதுவும் நியாயமான சிவப்பு: இரண்டு பாதையிலும் மாறி மாறி ரயில் வந்துகொண்டே இருந்தால் கேட் ஒருபோதும் முழுதாக ஏறாது. எனவே ஒரு கண்காணிப்பு ஆட்டோமேட்டானைச் சேர்த்து, பகுதி காலியானதும் அதன் கடிகாரத்தைத் தொடங்கி, புது ரயில் வந்தால் நிறுத்துங்கள். கடிகாரம் 150-ஐத் தாண்டினால் அது ‘தவறு’ நிலைக்குப் போகும். அந்த நிலையை அடைய முடியாது என்று காட்டினால் போதும்.

எதிர் உதாரணத்தைப் படித்தல்

கன்ட்ரோலரின் முதல் வடிவம் எளிமையானது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத் தொடங்கினால் முழுதாக ஏற்றி முடிக்கும். புது ரயில் இருந்தால் மோட்டார் 2 விநாடி நிற்கும், பிறகு எச்சரிக்கை, பிறகு இறக்கம். கையால் கணக்குப் போடுபவர் ஏற்றம் 10, நிறுத்தம் 2, எச்சரிக்கை 8, இறக்கம் 10 என்று கூட்டி, 30 விநாடிக்குச் சரியாக இருக்கிறது என்று திருப்தி அடைவார். உப்பால் சிவப்பு காட்டும், விதி மீறப்படும் வழியை எதிர் உதாரணமாகக் கொடுக்கும். அந்த வழியின் பதிவுதான் டிரேஸ்.

டயக்னாஸ்டிக் டிரேஸ் அமைப்பில் ‘ஃபாஸ்டஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, சிமுலேட்டரில் டிரேஸைத் திறந்து ரயில் 2-இன் கடிகாரத்தை மட்டும் பின்தொடருங்கள். அலகு 0: ரயில் 2 சென்சாரைத் தொடுகிறது. சிக்னல் உறுதியாக 5 அலகு, கன்ட்ரோலர் பார்க்க இன்னும் 1 அலகு. இந்த 6 அலகு முடிய ஒரு கணம் இருக்கும்போது, ரயில் 1 வெளியேறிவிட்ட செய்தி கன்ட்ரோலரிடம் வருகிறது. அதற்குத் தெரிந்தவரை பகுதி காலி. ‘ஏற்று’ என்கிறது. மறுகணமே ரயில் 2 பற்றிய செய்தி வந்துவிடுகிறது, ஆனால் ஏற்றத்தை நிறுத்த வழியில்லை. 106-இல் கேட் மேலே. 126-இல் மோட்டார் தயார். 206-இல் எச்சரிக்கை முடிகிறது. 306-இல் கேட் கீழே. ரயில் கிராசிங்கைத் தொட்டது 300-இல். 6 அலகு, அதாவது 0.6 விநாடி, கேட் முழுதாக மூடாமல் ரயில் ஓடியது.

திருத்தம் மூன்று வகை. சென்சாரைத் தள்ளி வைக்கலாம்: 30.6 விநாடி × 40 மீட்டர் = 1,224 மீட்டர். அது எல்லைக்கோடு மட்டுமே, இடைவெளி சேர்த்து 1,400 வைக்க வேண்டும். மோட்டார் நிற்கும் 2 விநாடியிலேயே எச்சரிக்கையைத் தொடங்கினால் 28.6 விநாடி; 1.4 விநாடி மிச்சம், பிரேக் தேய்ந்த மோட்டாருக்கு அது போதாது. ஏற்றத்தை எந்த நிலையிலும் நிறுத்தி, இருக்கும் இடத்திலேயே கேட்டை வைத்து எச்சரித்து இறக்கினால் 0.6 + 8 + 10 = 18.6 விநாடி. மூன்றாவதே சரியான வழி. நிரல் (கோடு) கொஞ்சம் சிக்கலாகும், ஆனால் அந்தச் சிக்கலைச் சரிபார்க்கத்தானே மாடல் கையில் இருக்கிறது.

சென்சாரைக் கெடுத்துப் பாருங்கள்

இதுவரை சென்சார் பொய் சொல்லவில்லை. இப்போது சொல்லட்டும். வெளியேறும் சென்சார் ஒரே ரயிலுக்கு இரண்டு பல்ஸ் கொடுக்கலாம் என்று ஒரு அம்பைச் சேருங்கள். கன்ட்ரோலர் ரயில்களை ஒரே எண்ணியில் எண்ணி, எண் 0 என்றால் கேட்டை ஏற்றுகிறது என்றால் நடப்பது இது: ரயில் 1 நுழைகிறது, எண் 1. வெளியேறும்போது இரட்டைப் பல்ஸ். 0, பிறகு −1. ரயில் 2 நுழைகிறது. −1 போய் 0 ஆகிறது. பகுதி காலி என்கிறது எண்ணி. கேட் மேலேயே இருக்க, ரயில் கடந்து போகிறது.

‘பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுத்தால் தீர்ந்தது’ என்று தோன்றும். தீராது. இரண்டு ரயிலும் உள்ளே இருக்கும்போது ரயில் 1 இரட்டைப் பல்ஸ் கொடுத்தால் 2 நேராக 0 ஆகிவிடும். ஒவ்வொரு பாதைக்கும் தனிக் கொடி (ரயில் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் மாறி) வைப்பதே தீர்வு. ஒரே கொடியை இரண்டு முறை இறக்கினால் ஒன்றும் கெடாது. அதோடு, நுழையாத ரயில் வெளியேறினால் கன்ட்ரோலர் கோளாறு நிலைக்குப் போய் கேட்டை இறக்கி, கையால் ரீசெட் செய்யும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

நுழைவுப் பல்ஸே தொலைந்தால்? எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. ரயில் வந்ததே தெரியாதே. தீர்வு வன்பொருளில் இருக்கிறது: கம்பி அறுந்தால் ‘ரயில் இருக்கிறது’ என்று காட்டும் டிராக் சர்க்யூட் அல்லது அச்சு எண்ணும் கருவி. அச்சு எண்ணி இன்னொரு பிரச்சினையையும் தீர்க்கும். ஒற்றைப் புள்ளி சென்சார் ரயிலின் முதல் சக்கரத்திலேயே ‘வெளியேறியது’ என்று சொல்லிவிடும், பின்னால் 400 மீட்டர் இன்னும் கிராசிங் மேல் இருக்கும். உள்ளே போன அச்சுகளும் வெளியே வந்த அச்சுகளும் சமமானால்தான் பகுதி காலி.

எல்லாம் பச்சையான பிறகு மாடலை வேண்டுமென்றே உடையுங்கள். எச்சரிக்கையை 80-இலிருந்து 250 ஆக்குங்கள், சென்சார் தூரத்தைப் பாதியாக்குங்கள், ஒரு கொடியை இறக்கும் வரியை இரண்டு பாதைக்கும் பொதுவாக்குங்கள். ஒவ்வொரு உடைப்புக்கும் ஏதாவது ஒரு விதி சிவப்பாக வேண்டும். எதுவும் அசையவில்லை என்றால் அந்த விதி எதையும் பார்க்கவில்லை.

தேடல் முடியாமல் இழுத்தால்

கடிகாரங்களைக் குறையுங்கள்; ஒரே நேரத்தில் தேவைப்படாத இரண்டு கடிகாரங்களை ஒன்றாக்கலாம். கன்ட்ரோலரின் 0.1 விநாடிச் சுற்றை அப்படியே லூப்பாக எழுதாதீர்கள். மெதுவான ரயில் வருவதற்குள் அந்த லூப் 1,200 முறை சுற்றும், நிலைகள் துண்டு துண்டாகப் பெருகும். ‘0 முதல் 1 அலகு தாமதம்’ என்று சுருக்கினால் அதே பொருள்தான், செலவு மிகக் குறைவு. ஓவர்-அப்ராக்ஸிமேஷன் அமைப்பில் (நிஜமாக அடையக்கூடியவற்றைவிட அதிக நிலைகளையும் சேர்த்துத் தோராயமாகப் பார்ப்பது) கிடைக்கும் பச்சையை ஏற்கலாம். அதில் வரும் ‘மீறப்படலாம்’ என்ற பதில் நிஜப் பிழையாகவும் இருக்கலாம், தோராயத்தால் வந்ததாகவும் இருக்கலாம். துல்லிய அமைப்பில் மறுபடி ஓட்டுங்கள்.

மாடலிலிருந்து சி கோடுக்கு

மாடல் சரி என்பதால் கோடு சரி என்று ஆகாது. தெராக்-25 கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நடந்தன. அதில் கண்டறியப்பட்ட பிழைகளில் ஒன்று, ஒரு பைட் அளவுள்ள மாறி (வேரியபிள்). ஒவ்வொரு சுற்றிலும் அதில் 1 கூட்டப்பட்டது. 256-ஆவது முறை பூஜ்யமாகி, பாதுகாப்புச் சோதனையே தாவப்பட்டது. தாளில் வரையும் ஆட்டோமேட்டானில் இப்படி ஒன்று தெரியாது.

சி மொழிக் கோடுக்கு சி.பி.எம்.சி. என்ற மாடல் செக்கர் பொருத்தம். லூப்புகளை நீங்கள் சொல்லும் எண்ணிக்கைவரை விரித்து, எல்லா உள்ளீடுகளுக்கும் சேர்த்துப் பார்க்கும். கன்ட்ரோலரின் வெளி லூப் முடிவே இல்லாதது, எத்தனை முறை விரித்தாலும் போதாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. சோதனைச் செயற்கூறு ஒன்று எழுதி, எல்லா நிலை மாறிகளுக்கும் உள்ளீடுகளுக்கும் எந்த மதிப்பும் வரலாம் என்று விடுங்கள். ‘ஏதாவது ஒரு கொடி ஏறியிருந்தால் ஏற்று கட்டளை இல்லை’ போன்ற உங்கள் மாறாவிதியை அஸ்யூம் (உண்மை என்று எடுத்துக்கொள்) ஆக வைத்து, கன்ட்ரோலரை ஒரே ஒரு சுற்று ஓட்டி, அதே விதியை அசர்ட் (உண்மையா என்று சோதி) செய்யுங்கள். தொடக்க நிலையிலும் விதி உண்மை என்று தனியாகக் காட்டிவிட்டால் எல்லாச் சுற்றுகளுக்கும் அது நிற்கும். சிவப்பு வந்தால் உடனே நிரலைக் குறை சொல்ல வேண்டாம். நிஜத்தில் வரவே முடியாத நிலையிலிருந்து கருவி தொடங்கியிருக்கலாம். அந்த நிலையை விலக்கும் வரியை மாறாவிதியில் சேர்த்து, அதையும் சேர்த்தே அசர்ட் செய்யுங்கள்.

உள் லூப்புகளுக்கு விரிவு எல்லை கொடுக்கும்போது அன்வைண்டிங் அசர்ஷனையும் (லூப் அந்த எல்லையைத் தாண்டாது என்று பார்க்கும் சோதனை) இயக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் எல்லைக்கு அப்பால் உள்ள பிழையைக் கருவி பார்க்காமலே ‘வெற்றி’ என்று சொல்லக்கூடும். அரே எல்லை, ஓவர்ஃப்ளோ, டைப் மாற்றம் ஆகியவற்றின் சோதனைகளையும் இயக்குங்கள். கடைசியில் செயற்கூறின் முடிவில் பொய்யான ஒரு அசர்ட்டை வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். அது தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் உங்கள் அஸ்யூம்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, அதுவரை கிடைத்த வெற்றி எல்லாம் வெறும் காற்று.

அனுமானத் தாள்

ஆரம்பத்தில் ‘அனுமானங்கள்’ என்று தலைப்புப் போட்ட தாளில் இப்போது பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்திருக்கும்: அதிகபட்ச வேகம் 40 மீட்டர், ரயில் நீளம் 400 மீட்டர், பாதைக்கு ஒரு ரயில், மோட்டார் 10 விநாடிக்குள் இறக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதை யார் உறுதி செய்கிறார்கள், நிஜத்தில் எப்படி அளப்பது என்று எழுதுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் அழிந்தது. 64 பிட் மிதவை எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு கொள்ளவில்லை. அந்தக் கோடு ஏரியான் 4-இலிருந்து வந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வராது என்ற அனுமானம், புது ராக்கெட்டில் செல்லவில்லை.

மாடல், கேள்விகள், சி.பி.எம்.சி. சோதனைக் கோடு, அனுமானத் தாள் நான்கையும் கன்ட்ரோலர் கோடு இருக்கும் அதே களஞ்சியத்தில் வையுங்கள். கோடு மாறும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடட்டும். கிடைத்த எதிர் உதாரணங்களைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே பார்த்த 306 அலகு டிரேஸை அதே நேரங்களோடு நிஜ கன்ட்ரோலருக்கான டெஸ்டாக எழுதி, சென்சார் சிக்னலை 0.1 விநாடித் துல்லியத்தில் செலுத்தி ஓட்டுங்கள். பாதையில் வேக வரம்பு உயர்ந்ததாகத் தகவல் வந்தால், 300 என்ற எண்ணை மாற்றி முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.